கார் நிறுத்துமிடத்தில் எழும்பிய வீடுகள்

ஹெப்பாள் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, நானும் மனைவியும் ஊருக்கு வெளியே ஒரு லேஅவுட்டில் சொந்த வீட்டில் இருந்தோம். கொத்தமல்லி வாங்குவதற்கும் ஸ்கூட்டரை எடுக்க வேண்டும். பக்கத்து ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுக்குப் போகும் சாலையில் நடைபாதை கிடையாது.

அந்தக் காம்ப்ளெக்ஸின் கார் நிறுத்துமிடம் எப்போதும் பாதி காலியாகத்தான் கிடக்கும். அதில் அடுக்குமாடி வீடுகள் வரப்போவதாகப் பலகை வைத்தார்கள். கீழே கடைகள், மேலே வீடுகள், எல்லாம் நடந்து போகும் தூரம் என்று எழுதியிருந்தது. நான் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. எதிர்வீட்டுக்காரரும் அப்படித்தான். அவர் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், இந்தக் கன்னட ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் கன்னடம் கலந்து வரும்.

"மொதல்ல பார்க்குன்னு காமிப்பாங்க சார், ஆமேல அதுவே பார்க்கிங் ஆயிடும்," என்றார்.

இருவரும் வீடு வீடாகப் போய் எதிர்ப்புக் கையெழுத்து வாங்கினோம். கட்டுகிறவர்கள் கூட்டிய கூட்டத்தில் நான் எழுந்து, "தண்ணீர் எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் பிளான்ல இருக்கு சார்," என்று சிரித்தான் அவர்களுடைய ஆள். அந்தச் சிரிப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த நாட்களில் மனைவி சாயங்காலம் கோயிலுக்கென்று கிளம்புவாள். திரும்பி வரும்போது நெற்றியில் குங்குமம் இருக்காது, செருப்பில் சிமெண்ட் தூசி இருக்கும். ஒருநாள் பின்னாலேயே போனேன். காம்ப்ளெக்ஸில் கட்டி வைத்திருந்த மாதிரி வீட்டிலிருந்து அவள் வெளியே வந்தாள்.

"இதுதான் கோயிலா?"

அவள் மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்துக்காரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "வூட்டப் பாத்துப்போட்டு வாரனுங்க. சொன்னா உடுவீங்களா?"

"அந்த ஆள் பேச்சை நம்பறியா?"

"அவன ஆரு நம்புனா? எதுக்கெடுத்தாலும் உங்க வண்டியவே பாத்துட்டு உக்காந்திருக்கோணுமாக்கும். எனக்குந்தான் காலு இருக்குது. நடக்கறதுக்கு ஒரு எடம் வேணுமுங்க."

பல மாதம் பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் அவள் பேச்சுக்கு இணங்கி, வீட்டை விற்று, அந்த அடுக்குமாடியிலேயே குடிபோனோம்.

பால் காய்ச்சியதற்கு வராத பழைய எதிர்வீட்டுக்காரர் கோடையில் ஒருநாள் வந்தார். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். கீழே தண்ணீர் லாரி நின்றிருந்தது. பூங்காவில் பாதி, கார்கள்.

"நாம சொன்னது சரியாப் போச்சு," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "கையெழுத்து வாங்கறப்பவே புக் பண்ணிட்டீங்களா சார்?"

"இல்லை. இவளுக்காகத்தான் வந்தோம்," என்று சொல்லி உள்ளே திரும்பிப் பார்த்தேன். அவள் வீட்டில் இல்லை. கீழே காய்கறிக் கடையில் பேசிக்கொண்டிருப்பாள். போனால் ஒரு மணி நேரமாவது ஆகும்.

"ஹௌதா?" என்றார், அப்படியா என்பதுபோல. முகத்தில் நம்பிக்கை இல்லை.

நான் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது ஜோடித்த கதையாகக் கேட்டது.