ஆலைக்குப் பின்னால் வாய்க்கால் கரை

அரூரில் நாங்கள் வேலை பார்க்கும் கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கு நானும் என் நாத்தனாரும் வாய்க்கால் கரை வழியாகத்தான் நடந்து போவோம். மெயின் ரோடு சுற்று. கரையின் ஒரு பக்கம் ஜவ்வரிசி ஆலைகளின் பின்சுவர். மறுபக்கம் ஆலைக் கழிவு நுரைத்து நிற்கும் வாய்க்கால். மரவள்ளிக் கிழங்கு லாரி வந்தால் விளிம்பில் ஒட்டி நிற்க வேண்டும்.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை எனக்குத் தலைவலி. அவளை முன்னால் போகச் சொல்லிவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு சற்று நேரம் கழித்துக் கிளம்பினேன். முதல் நாள் மழையில் கரை சொதசொதவென்று ஊறியிருந்தது. இரண்டாவது ஆலையைத் தாண்டியதும் அவளுடைய சாப்பாட்டுப் பை வழியில் கிடந்தது. டிபன் பாக்ஸ் திறந்து, புளிச்சோறு சேற்றில் சிதறியிருந்தது.

போன் போட்டேன். கையில் எடுத்த பைக்குள்ளேயே அதிர்ந்தது.

யாராவது இழுத்துக்கொண்டு போய்விட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். ஆலை மிஷின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாய்க்காலில் நுரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்காரரிடம், உங்கள் தங்கையைக் காணோம் என்று எந்த வாயால் சொல்வேன்? அவருக்குப் போன் போடக்கூடக் கை வரவில்லை.

அப்போது கரண்ட் போனது. மிஷின்கள் இழுத்து இழுத்து ஓய்ந்தன. அதன் பிறகுதான் கீழேயிருந்து குரல் வந்தது.

"அண்ணி, இங்க இருக்கறனுங்க."

கரைச் சரிவில் கருவேல மரத்தின் மறைவில், அதன் வேரைப் பிடித்தபடி இடுப்பளவு சகதியில் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் இறங்கக் காலை வைத்தேன்.

"எறங்காதீங்க அண்ணி. கால் உள்ளயே போயிட்டிருக்குது."

துப்பட்டாவை வீசினேன், எட்டவில்லை. ஆலையின் பின்கேட்டுக்கு ஓடினேன். கிழங்கு உரிக்கும் பெண்கள் கரண்ட் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மூட்டை கட்டும் கயிற்றை எடுத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் என்னோடு ஓடி வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். செருப்பு சகதியோடு போயிற்று, அவள் வந்துவிட்டாள்.

லாரிக்கு ஒதுங்கியபோது கரை சரிந்ததாம். டிரைவர் கவனிக்கவே இல்லை. தொண்டை வற்றும்வரை கத்தியும் யாருக்கும் கேட்கவில்லை என்று சொல்லும்போது அவளுக்குப் பல் கிடுகிடுத்தது.

அதன் பிறகு கொஞ்ச நாள் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் நேரத்துக்கு வருவதில்லை, கம்பெனியில் திட்டு. கரை வழியாகவே போகலாம் என்று அவள்தான் சொன்னாள். சரி என்றேன். இப்போது வாய்க்கால் பக்கம் நான் நடக்கிறேன். லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். வலிக்கிறது என்பாள். விடுவதில்லை.