கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சொல்

என் மகள் மொபைலில் எழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்கி விளையாடுகிறாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மணிச்சத்தம். கேட்டதும் காயல்பட்டினத்து வீட்டுக் கூடமும் கறுப்புத் தொலைபேசியும் அடுப்படியின் நெய்ச்சோற்று வாசனையும் வந்துவிட்டன.

என் சின்ன வயதில் வாப்பா துபாயில் இருந்தார். வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து போனில் பேசுவார். போனை வைக்கும்முன் ஒரு சொல் தருவார். அதன் எழுத்துகளைக் கொண்டு அடுத்த வெள்ளிக்குள் புதுச் சொற்கள் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கும் அவருடன் தங்கியிருந்த அறைக்காரர்களுக்கும் போட்டி.

கூடத்தில் தன் அண்ணன்மார் உட்கார்ந்திருப்பதால் உம்மா போனில் பேசவே மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்பதோடு சரி.

அந்த வாரச் சொல் ‘முத்துக்குளித்தல்’. நான் முத்து, துளி, முதல், குத்தல் என்று அடுக்கினேன். அவர்களிடமும் அதே சொற்கள்.

“ரெண்டும் சமமா இருக்குளா, மவளே. வேற உண்டா?” என்றார் வாப்பா.

நான் எழுதிய தாளைத் திருப்பிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் கூடம் அதிர வந்தது.

“முக்குளித்தல்!”

வாப்பா தன் அறைக்காரர்களிடம் கத்தினார். “எல்லாரும் கேட்டியளா? எம் பொஞ்சாதி ஜெயிச்சுட்டா!”

அது கூடம் முழுக்கக் கேட்டது. பெரிய மாமா எழுந்து, தன் நாற்காலியைத் தொலைபேசிப் பக்கம் இழுத்துப் போட்டார். உம்மா வந்து உட்கார்ந்து ரிசீவரை வாங்கினார்.

“உம்மா, ஒரு சொல் மட்டும் வர மாட்டேங்குது” என்கிறாள் மகள்.

“உள்ள போயி எங்க உம்மாட்ட கேளு” என்கிறேன்.