பெல்ட், பொம்மைத் துப்பாக்கி, அப்பாவின் பை

அடுத்தவர் பையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால் மற்றவர்களுக்குத் திட்டு கிடைக்கும். எனக்குத் திட்டோடு சம்பளமும் கிடைக்கிறது. புனே விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை என் வேலை. தினம் நூறு பேர் முறைப்பதைச் சிரித்துக்கொண்டே வாங்கிப் பிழைக்கும் சக தியாகிகளே, உங்களுக்கு இது புரியும்.

எப்பவோ, எவனோ

புனேயின் ஐ.டி. பேட்டையான ஹிஞ்சேவாடியில் வேலை பார்ப்பவர் ஒருவர். போனில் பேசியது கோவைத் தமிழ். இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் வெந்து வந்தவரிடம் பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். எதற்கு என்றார். நம்ம ஊர்க்காரர் ஆயிற்றே என்று விளக்கினேன். ஒரு காலத்தில் பஸ் ஏறுவதுபோலத்தான் விமானமும் ஏறினார்கள். பையை யாரும் திறந்து பார்த்ததில்லை. பிறகு சிலர் ஆயுதத்தோடு ஏறி விமானங்களைக் கடத்தினார்கள். அதற்கப்புறம்தான் இந்த மெஷின், இந்த வரிசை, நான், எல்லாமே வந்தோம்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, எப்பவோ எவனோ பண்ணுனதுக்கு நான் இன்னைக்குப் பேன்ட்டைப் புடிச்சுட்டு நிக்கோணுங்களா?"

பொம்மைதானே!

புனேக்குப் பக்கத்தில் சாகண் என்ற ஊரில் கார் தொழிற்சாலை எஞ்சினியர் ஒருவர், அக்கா குழந்தைக்கு வாங்கிய பொம்மைத் துப்பாக்கியோடு வந்தார். விமானத்துக்குள் அதுவும் கூடாது. பொம்மையைக் காட்டி மிரட்டியே விமானம் கடத்தியவர்கள் உண்டு என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்வார்கள். மனிதர் நம்பவில்லை. பொம்மைதான் என்று நிரூபிக்க அதைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்திவிட்டார். அது 'டட்டட்டட்' என்று கத்த, வரிசையே குனிந்தது.

ட்ரே அடுக்குக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மாள் மெதுவாக எழுந்து மராத்தியில் கேட்டார்: "அரே பாபா, பொம்மைன்னு நாங்க குனியறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

வீட்டில் ஒரு விமர்சகர்

இதையெல்லாம் வீட்டில் சொன்னால் அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். ராணுவத்துக்கு வெடிமருந்து செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். தினமும் கேட்டில் இரண்டு கையையும் தூக்கிச் சோதனை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாராம். அவர் வாயால் ஒரே ஒரு தடவை என் வேலையைப் பாராட்டிக் கேட்டுவிட வேண்டும் என்பது என் ஒன்பது வருட ஆசை.

கிடைத்ததெல்லாம் இதுதான்: "பையைத் தடவறதெல்லாம் ஒரு வேலையா? எங்க கேட்ல ஒரு பீடி உள்ள போவுமா, கேளு!"

அப்பாவின் முதல் விமானம்

சென்னையில் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க அப்பா முதல் தடவையாக விமானம் ஏற வந்தார். யாரும் சொல்லாமலே பெல்ட், கடிகாரம், போன் எல்லாம் ட்ரேயில். அப்படி ஒரு பயணியை நான் பார்த்ததே இல்லை. பையை மட்டும் வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று சோதிக்கும் மேஜைக்கு அனுப்பினார்கள். அங்கே நான்.

பையைத் துடைத்த பட்டையை மெஷினில் வைத்தேன். சிவப்பு விளக்கு, மணி. இருக்காதா பின்னே? வருடக்கணக்காகத் தொழிற்சாலைக்குச் சுமந்த அதே பை. 'நல்லாத்தானே இருக்கு' என்று எடுத்து வந்துவிட்டார்.

விமானம் கிளம்ப நாற்பது நிமிடம்தான். மேலதிகாரியைக் கூப்பிட்டேன். "சார், இவர் என் அப்பா. அதனால் நான் சோதிக்கக் கூடாது, நீங்களே பாருங்கள்" என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். மேலதிகாரி சத்துமாவு முதல் குட்டி சாக்ஸ் வரை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்து, மறுபடி சோதித்து, சாமான்களை மட்டும் ஒரு துணிப்பையில் போட்டு அனுப்பினார். கடைசி அழைப்பு கேட்டுவிட்டது. ஓடிய அப்பா நாலடி போய்த் திரும்பினார்.

"எங்க கேட்ல உன்னை மாதிரி ஒருத்தி நின்னிருந்தா, முப்பத்தஞ்சு வருஷத்துல என் பீடிக்கட்டு ஒரு நாள்கூட உள்ள போயிருக்காதும்மா."

ஒன்பது வருடம் காத்திருந்த பாராட்டு வந்ததில் கண் கலங்கி நின்றுவிட்டதால், அந்தப் பீடியைப் பற்றவைக்கத் தீப்பெட்டி எப்படி உள்ளே போனது என்று கேட்க இந்தப் பாதுகாப்பு அதிகாரி மறந்தே போனாள்.