அண்ணனிடம் கரண்ட் என்று சொல்லிவிட்டேன்

போன ஜூனில் பெரார்கஞ்சிலிருந்து என் அண்ணனைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். ஜனவரியிலேயே போயிருக்க வேண்டிய பயணம். இதயத் துடிப்புக் கோளாறுக்குக் கதிர் சிகிச்சை செய்துகொள்ள மெயின்லேண்ட் போகும் நம் தீவுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பழைய மாரடைப்பால் அண்ணன் இதயத்தில் ஒரு தழும்பு. அங்கே துடிப்பு தறிகெட்டு ஓடும்போதெல்லாம் நெஞ்சில் பதித்த கருவி ஷாக் கொடுத்து அடக்கும். கழுதை உதைத்த மாதிரி இருக்கும் என்பார். ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாய் விட்டுத் தழும்பைச் சுட்டது இரண்டு முறையும் பலிக்கவில்லை. வெளியிலிருந்தே அந்த இடத்தில் கதிரைப் பாய்ச்சலாம், ஒரே தடவை, கத்தியே வேண்டாம் என்று ஜனவரியில் சென்னை மருத்துவர் என்னிடம் போனில் சொன்னார். நான் ஆபீஸ் அவசரத்தில் அண்ணனை அழைத்து, "நெஞ்சுல கரண்ட் வைக்கணுமாம்ணா" என்றேன். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரை நம் ஊரில் அப்படித்தானே சொல்கிறோம்!

"வேணாம்மா" என்று போனை வைத்துவிட்டார். பிடிவாதக்காரர் என்று நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஜூனில் ஒரே நாளில் எட்டு ஷாக் வாங்கிய பிறகுதான் சம்மதித்தார்.

கிளம்பிய அன்று காலை 5.40க்கு டாக்ஸி. விமான நிலையம் வரை 24 கிலோமீட்டர், 50 நிமிடம், 1,200 ரூபாய். நல்ல மழை.

"க்யா பாய், உடம்புக்கு என்ன?" என்றார் ஓட்டுநர்.

"நெஞ்சுல வெச்ச பெட்டி அடிக்கிற கரண்டே தாங்கல பாய். இப்ப ஆஸ்பத்திரியில பெரிய கரண்டா வைப்பாங்களாம்" என்றார் அண்ணன்.

நான் பதறி அவர் பக்கம் திரும்பினேன். "ஐயோ அண்ணா, அது ஷாக் இல்ல! எக்ஸ்ரே மாதிரி. வலியே தெரியாது."



விமானம் இரண்டேகால் மணி நேரம். ஸ்கேனுக்கும் அளவெடுப்புக்கும் நான்கு நாள். சிகிச்சை இருபது நிமிடம். கதிர் பட்ட தசை செத்து, தழும்பாகி, கோளாறான மின்னோட்டத்தை மறிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்களாம். ஆனால் தழும்பு உருவாக மாதக்கணக்காகும். துடிப்போ சில வாரங்களிலேயே அடங்குகிறது. மந்தமாகிப்போன செல்கள் மின்னோட்டத்தை மறுபடி வேகமாகக் கடத்தத் தொடங்குவதால் இருக்கலாம் என்றார் மருத்துவர். இன்னும் முடிவாகத் தெரியாது, நுரையீரலில் அழற்சி வரலாம் என்பதையும் மறைக்கவில்லை.

அண்ணனுக்கு ஏழு வாரமாக ஷாக் இல்லை. ஆனால் ஜனவரிக்குப் பிறகு இதயம் இழந்த பலம் திரும்புவது கடினமாம். தன் பாக்குத் தோட்டத்து மேட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

போகிறவர்கள் பத்து நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக் கருவியோடு கொடுத்த விவர அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியை மருத்துவரிடமே பேசவிடுங்கள். நடுவில் நின்று மொழிபெயர்க்காதீர்கள்.

திரும்பும் விமானத்தில், "என்ன கரண்டுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா" என்றேன்.

"நீ படிச்சவ, தெரிஞ்சுதான் சொல்லுவேன்னு நெனச்சேன்மா."