சொல்லிவிட்டுச் சுடுகிற அம்புறோஸ்

"டொறத்தி, இண்டைக்குப் பத்து மணிக்குச் சுடப்போறன்."

சனிக்கிழமை காலையில், தேநீர் வாயில் படுமுன், அம்புறோஸ் கொலோனுக்குத் தொலைபேசி எடுத்து மனைவியிடம் சொல்வது இது. மறுமுனையில் "ம்" என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான் பேச்சு. அவர் இருப்பது ஜெர்மனியின் இன்னொரு பக்கத்தில், எர்லாங்கனில். இங்கே சுட்டால் கொலோனில் கேட்குமா என்ன? ஆனாலும் சொல்லாமல் மனிதர் படியிறங்கமாட்டார்.

பிறகு படுக்கையறையில் உள்ள இரும்புப் பெட்டியைத் திறந்து துவக்கை எடுப்பார். எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து, நீளப் பெட்டியில் கிடத்திப் பூட்டுவார். சுவீடன் இராணுவத்தின் பழைய துவக்கு அது. ஆயிரத்துத் தொளாயிரத்து நாலாம் ஆண்டு செய்தது என்று இரும்பிலேயே வெட்டியிருக்கிறது. நிறுத்தினால் அவருடைய நெஞ்சுக்கு வரும். அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், அம்புறோஸுக்குச் சோறு தண்ணீர் மறந்துவிடும்.

"சுவீடன்காரன் இதைக் கொண்டு ஒரு சண்டைக்கும் போகேல்லை. நூறு வருசமாக் கடதாசியைத்தான் சுட்டிருக்கு, பாவம்!"

"கடதாசி சுடுறதுக்கு என்னத்துக்கு இவ்வளவு பெரிய துவக்கு?" என்று அது வீட்டுக்கு வந்த அன்றே டொறத்தி கேட்டாள். அவர் எண்ணெய்த் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

அவருக்கு வேலை, பல்கலைக்கழக உணவகத்தில் தட்டுக் கழுவும் இயந்திரத்தடியில். இலங்கைப் போருக்குத் தப்பி மன்னாரிலிருந்து வந்த புதிதில் அங்கே யாரோ ஒரு தட்டத்தைக் கைதவற விட, அந்தச் சத்தத்துக்கு இவர் இயந்திரத்துக்கு அடியில் பாய்ந்துவிட்டார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள், கூட வேலை செய்த ஹோர்ஸ்ட். பல வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை அம்புறோஸைத் தன் துவக்குச் சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனதும் அவர்தான்.

அங்கே அம்புறோஸ் வாய்பிளந்து பார்த்தது துவக்குகளை அல்ல. சிவப்பு விளக்கு எரிகிறது. எல்லோரும் காதுமூடியைப் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் உரக்க அறிவிக்கிறார். அதன்பிறகே வெடிக்கிறது. "இஞ்சை சொல்லிப்போட்டெல்லே சுடுறாங்கள்!" என்று கண்ட தமிழரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், துவக்கு வந்தபிறகு அவர்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது.

தானும் ஒரு துவக்கு வைத்திருக்க அனுமதி எடுக்க நாயாய் அலைந்தார். "அகதி எண்டு எழுதிக்குடுத்த அன்ராக்குக்கே இவ்வளவு கேள்வி கேக்கேல்லை" என்பார். இரண்டாயிரத்து நாலில் துவக்கு கைக்கு வந்தது. முதல் வெடியில் துவக்கின் பின்கட்டை தோளில் இடித்து உயிர் போய் வந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆனால் உடம்பு எங்கும் பாயவில்லை. அடுத்த வாரம் உணவகத்தில் தட்டு விழுந்தபோது, மற்றவர்களைப் போல அவரும் திரும்பிப் பார்த்தார்.

ஜெர்மனியில் வருடம் பிறந்தால் ஊர் முழுக்க வாணம் வெடிக்கும். வந்த நாள் முதல் அந்த இரவைப் புருசனும் பெண்சாதியும் குசினி மேசைக்குக் கீழேதான் கழித்தார்கள். ஒரு போர்வை, சுடுதண்ணீர்ப் போத்தல், டொறத்தியின் செபமாலை. அவளுடைய தம்பியை மன்னார் வீதியில் சுட்டவர்கள் சொல்லிவிட்டுச் சுடவில்லை. துவக்கு வந்த வருட முடிவில் அம்புறோஸ் யன்னலடியில் நின்று வாணம் பார்த்தார். "எழும்பி வா டொறத்தி, என்ன வடிவு!" என்று கூப்பிட்டார். அவள் எழும்பவில்லை. அடுத்த கிழமை கொலோனில் இருக்கும் மகள் லவினியாவிடம் போய்விட்டாள். பேரப்பிள்ளையைப் பார்க்க என்று ஊருக்குச் சொன்னார்கள். ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

கழகத்தில் நன்றாகச் சுட்டால் தோளில் தட்டுவார்கள். பிறகு பியர் வரும், பேச்சு அவர்களுடைய ஊர்மொழிக்கு மாறும். அம்புறோஸ் அப்பிள் சாறுடன் மேசை நுனியில் இருந்து, மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் சிரிக்கவும் ஆளில்லை. பயம் போன இடத்தில் தனிமை வந்து குந்திக்கொண்டது.

சென்ற சனிக்கிழமை தொலைபேசியை எடுத்தது லவினியா.

"அப்பா, இனி அம்மாவுக்கு நேரம் சொல்லாதேங்கோ."

"ஏன் பிள்ளை? சொன்னாப் பயமில்லைத்தானே?"

"நீங்கள் பத்து எண்டா, அம்மா பத்துக்கு முன்னமே குசினி மேசைக்குக் கீழை போயிடுவா. நீங்கள் வீட்டை வந்திருப்பீங்கள் எண்டு நினைக்கிற நேரத்துக்குத்தான் வெளியிலை வருவா. ஒவ்வொரு சனியும் இதுதான். உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ."

அம்புறோஸுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது. கீழே ஹோர்ஸ்ட் காரை நிறுத்திக் கோர்ன் அடித்தார். அம்புறோஸ் யன்னலைத் திறந்து, இன்றைக்கு வரவில்லை என்று கையசைத்தார். பேசி முடிந்ததும் பழக்கத்தில் வெளியே எடுத்திருந்த துவக்கை இரும்புப் பெட்டிக்குள் திரும்ப வைத்துப் பூட்டினார்.

பத்து மணிக்குக் குசினிக்குப் போய்க் கதிரைகளை இழுத்து ஒதுக்கினார். முழங்கால் முறிகிற மாதிரி நொந்தது. ஒரு கையால் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊர்ந்துபோய், மறுபடியும் கொலோனுக்கு எடுத்தார்.

"பிள்ளை, போனை மேசைக்குக் கீழை குடு."

சரசரவென்று சத்தம் கேட்டது. பிறகு மூச்சு மட்டும்.

"டொறத்தி, இண்டைக்குச் சுடேல்லை. நானும் கீழைதான் இருக்கிறன்."



"முழங்கால் நோகேல்லையோ?" என்றாள்.

"நோகுது."

சொல்லிவிட்டு அம்புறோஸ் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவரோரமாக நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டுப் படுத்தார்.