ஒருத்தருக்குச் சொன்ன மூச்சு

மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் உள்ள பெரிய தொல்லை, வருகிற அத்தனை பேருக்கும் அது ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த கொஞ்ச காலத்தில் புதுக்கோட்டையில் இதை ஆரம்பித்தேன். ஒருவருடைய வயசு, வேலை, தூக்கம் எல்லாம் விசாரித்து, கொஞ்ச நேரம் அவர் மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டு, அவருக்கென்று ஒரு பயிற்சி சொல்லுவேன். வீடு வீடாகப் போய் எதையாவது சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் பாதி புரியும். உங்களிடம் கற்றுக்கொள்கிறவர்களாவது தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

மல்லாக்கப் படுத்த முதலாளி

பொன்னமராவதியில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. நாள் பூராவும் சம்மணம் போட்டு உட்கார்ந்தே இடுப்பு பிடித்துக்கொண்டது. யோகாசன வாத்தியார் வருகிறார் என்றதும் தலைகீழாக நிற்க வேண்டியிருக்கும் என்று முடிவு கட்டி, சுவரோரத்துச் சாமான்களை ஒதுக்கிவைத்துக் காத்திருந்தார். வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். நான் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விட்டபடி முழங்காலை மெல்ல வயிற்றுப் பக்கம் கொண்டுவரச் சொன்னேன். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. முதலாளிக்குப் பெருத்த அவமானம். படுத்தபடியே கேட்டார்:

"படுத்து மூச்சு விடுறதத்தானே நான் தெனமும் செஞ்சுக்கிட்டிருக்கேன்? இதுக்கு நீங்க வேற பஸ் ஏறி வரணுமாங்க?"

மண்டிக்காரர் கூட்டிய கூட்டம்

கீரமங்கலத்தில் தேங்காய் மண்டி வைத்திருந்த மாணிக்கம் தாராள மனசுக்காரர். ஊர் நன்மைக்காக என்று ஒரு பெரிய கூட்டத்தையே மண்டியில் உட்காரவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எழுபது வயசுக்காரரும், சுமை தூக்குகிறவரும், மாலைக்கண் உள்ளவரும் வரிசையாக இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பயிற்சி சொல்ல முடியாது, தனித்தனியாகத்தான் பார்ப்பேன் என்றேன். அப்படியானால் முதலில் அதே ஊரில் இருக்கிற தன் சொந்தக்காரப் பெண் வள்ளியம்மையைப் பாருங்கள் என்று முகவரி சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் முணுமுணுத்தார்:

"கல்யாணத்துல ஊருக்கே ஒரே சாம்பார்தாங்க ஊத்துறோம். மூச்சு மட்டும் என்ன ஆளுக்கொரு ருசியா?"

தங்கச்சி பயந்தது

வள்ளியம்மைக்கு இழுப்பு. அடுப்புப் புகை பட்டால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். படுத்தால் மூச்சு அடைக்கும் என்று வருஷக்கணக்காகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கியவர். புருஷன் மலாயாவில். குழந்தை இல்லை. தங்கை பாக்கியத்தைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்து, அதே தெருவில் கட்டிக்கொடுத்திருந்தார். ராத்திரித் துணைக்கு அந்தப் பெண்தான் வந்து படுத்துக்கொள்ளும்.

வள்ளியம்மையை ஒரு முக்காலியில் உட்காரவைத்தேன். மூச்சை இழுக்கிற கவலையை விட்டுவிட்டு, லேசாக முனகிக்கொண்டே நீளமாக வெளியே விடச் சொன்னேன். கொஞ்சம் பழகியதும், விடும்போது வயிற்றை நன்றாக உள்ளே ஒடுக்கச் சொன்னேன். மாசங்கள் போயின. ஒருநாள் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்கே வந்துவிட்டார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சாட்சிப் பத்திரம் அவர் அன்று சொன்னதுதான்:

"நேத்து காலை நீட்டிப் படுத்துத் தூங்கிட்டேங்க வாத்தியாரே. சத்தமே கேக்கலயேன்னு எந் தங்கச்சி பயந்துபோயி மூக்குக்கிட்ட வெரலை வச்சுப் பாத்திருக்கா!"

பங்கு

பாக்கியம் முழுகாமல் இருந்தது எனக்குத் தெரியாது. நாலு எட்டு நடந்தால் அதற்கு மூச்சு வாங்கியதும் தெரியாது. வள்ளியம்மை சும்மா இருப்பாரா? தனக்குத் தூக்கம் கொடுத்ததைத் தங்கச்சிக்கும் கொடுத்துவிட்டார். வயிற்றை ஒடுக்குவது உட்பட, நான் சொன்னது சொன்னபடி.

இது உங்களுக்கு மட்டும்தான், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லாமல் இல்லை. வாத்தியார் தன் பிழைப்புக்காகச் சொல்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். பணியாரம் சுட்டால்கூட நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடுகிற தெரு அது. நல்லதை மறைத்துவைப்பதுதான் அங்கே தப்பு.

கரு தங்கவில்லை. புதுக்கோட்டை டாக்டர், இதனால்தான் என்று யாரும் சொல்ல முடியாது, எத்தனையோ காரணம் இருக்கும் என்றார். வள்ளியம்மை அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

விஷயம் தெரிந்து நான் போனபோது, விசில் சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது. மறுபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முக்காலி பரணுக்குப் போயிருந்தது. பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து, "செய்யிக்கா, நான் ஒன்னையக் குத்தம் சொன்னேனா?" என்று அழுதது. நானும் கெஞ்சினேன். டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த அம்மாளின் மூச்சு தப்பே செய்யவில்லை என்று எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வருத்தம் இன்றுவரை ஆறவில்லை. வள்ளியம்மை பேச மூச்சு கிடைக்கிறவரை காத்திருந்து, விட்டு விட்டுச் சொன்னார்:

"எனக்கு நல்லாருந்துச்சேன்னுதானே அவளுக்கும் குடுத்தேன்? எம் புள்ள வயித்துக்கு ஆகாத மூச்சு எனக்கு மட்டும் எதுக்குங்க?"

அதற்குப் பிறகும் எத்தனையோ பேருக்கு நிதானமாக மூச்சு விடச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், கீரமங்கலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் மட்டும் வாத்தியாருக்கே அது சரியாக வருவதில்லை.