புல்தரையில் இரண்டு பலகைகள்

எங்கள் வீட்டுக் கூரையில் ஓர் அன்ரெனா இருக்கிறது. காற்று நன்றாக இருந்தால், ஏரிக்கு அக்கரையில் உள்ள பஃபலோ நகரத்து அமெரிக்க அலைவரிசைகள் அதில் துப்புரவாக வரும். ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். நான் இருப்பது ரொறொன்ரோவின் வடகிழக்கு ஓரத்தில், மில்லிக்கனில். கடவுச்சீட்டு கனடாவினுடையது. ஆனால் காலையில் தேத்தண்ணீரோடு வந்து உட்கார்ந்தால், என் வரவேற்பறையில் பெய்வது அடுத்த நாட்டின் மழை, நடப்பது அடுத்த நாட்டின் சண்டை. கனகாலம் அதைப் பகிடியாகத்தான் எடுத்தோம். வேலைக்குக் கிளம்பும்போது மனைவி றீற்றா, "இண்டைக்கு எந்த நாட்டுக் குடை கொண்டு போறியள்?" என்று கேட்பாள்.

இந்த வருடம் அவள் அப்படிக் கேட்பதில்லை. அமெரிக்க ஜனாதிபதி தன் வரவுசெலவுத் திட்ட யோசனைகளைக் காங்கிரசுக்கு அனுப்பிய நாளிலிருந்து எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒரு கட்சி, வீண்செலவை வெட்டுகிறோம் என்றது. மற்றக் கட்சி, நோயாளிகளை வெட்டுகிறீர்கள் என்றது. என் தங்கை ஜெசிந்தா பஃபலோவில் இருக்கிறாள். புருஷன் இல்லை. பகலில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவளுடைய ஒரே மகள் அனிற்றாவுக்குப் பிறவியிலிருந்தே தசைகள் பலமில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறாள், படுத்தால் இயந்திரம் மூச்சு விட உதவவேண்டும். குழாய் கழன்றால் கையை உயர்த்தி மாட்டிக்கொள்ள அவளால் ஏலாது. அதற்காக ஒவ்வொரு இரவும் ஒரு நேர்ஸ் வந்து பக்கத்தில் இருக்கிறாள். நேர்சின் சம்பளம் அரசாங்க உதவியில் வருகிறது, அந்த உதவியில் பெரும்பங்கு வொஷிங்ரனில் இருந்து வருகிறது. ஜனாதிபதி வெட்டச் சொன்னவற்றில் அதுவும் இருந்தது.

ஒஷாவாவில் நான் வேலை செய்கிற கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில், பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் பிறையனிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். நல்ல மனிதன். "இது வருடாவருடம் நடக்கிற நாடகம். ஜனாதிபதி கேட்பார், காங்கிரஸ் அதை வெட்டிக் கொத்தி வேறொன்றாக்கும். அது உன்னுடைய நாடுகூட இல்லையே" என்றான். எங்கள் அப்பாவும் இப்படித்தான். பாராளுமன்றச் செய்தியை றேடியோவில் கேட்டுவிட்டு, "சும்மா கத்துறாங்கள்" என்று சொல்லிச் சாப்பிடப் போவார். கத்தியவர்கள் கொழும்பில் இருந்தார்கள், ஷெல் குண்டு எங்கள் ஊரான ஊர்காவற்றுறையில், வீட்டு வளவுக்குள் விழுந்தது. பிறையனுக்கு இதையெல்லாம் எந்த இங்கிலிசில் சொல்வது? சிரித்துவைத்தேன். என் பயம் போய்விட்டது என்று நினைத்து முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

பிறகு ஒரு பின்னேரம் ஜெசிந்தாவின் போன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணை, ரெண்டு பகுதியும் வந்தவங்கள்."

ஊரில் அப்படிச் சொன்னால் ராணுவமும் ஆயுத இயக்கமும் வந்தது என்று அர்த்தம். விசாரித்தால், வந்தவர்கள் கட்சித் தொண்டர்கள். முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். பனிக்காலம் முழுவதும் அவளுடைய பாதையில் விழும் பனியையும் சேர்த்து வழித்துவிடும் கிழவர். ஜனாதிபதியின் திட்டத்தை ஆதரிக்கும் பிளாஸ்ரிக் பிரசாரப் பலகை ஒன்றை வீட்டு முன்புறப் புல்தரையில் குத்தட்டுமா என்று கேட்டிருக்கிறார். ஓம் என்றிருக்கிறாள். அடுத்த நாள் எதிர்க்கட்சிப் பெண் ஒருத்தி வந்து, வெட்டுகளை நிறுத்து என்ற பலகையை நீட்டியிருக்கிறாள். அதற்கும் ஓம். இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

வேறு யாராவது என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். நான், "நல்ல வேலை செய்தாய்" என்றேன். எங்களை வளர்த்த விதம் அது. ஊரில் ஆயுத இயக்கங்கள் பலவாக இருந்த காலத்தில், எந்தப் பெடியள் படலையைத் திறந்துகொண்டு வந்தாலும் அம்மா, "ஓம் தம்பி, வாங்கோ" என்று தேத்தண்ணீர் கொடுப்பா. எங்கள் மதிலில் ஒருவருடைய சுவரொட்டிக்கு மேல் மற்றவருடையது தடித்துப்போய் இருந்தது. ஒன்றையும் நாங்கள் தொட்டதில்லை. முன்வீட்டு ஆசிரியர் ஒருமுறை தன் மதிலில் ஒட்டியதைக் கிழித்தார். பிறகு அந்த வீட்டுப் படலை பூட்டியே கிடந்தது. அவரை யார் கொண்டுபோனார்கள் என்று அவருடைய மனைவிகூடச் சத்தமாகக் கேட்கவில்லை.

பஃபலோவில் அது சரிவரவில்லை. கிழவர் கதவைத் தட்டி, "என்னைக் கேலி பண்ணுகிறாயா?" என்று கேட்டிருக்கிறார். ஜெசிந்தா, "யேஸ், யேஸ், தாங்க் யூ" என்றாளாம், பதற்றத்தில். அவர் திரும்பிப் போயிருக்கிறார். அந்தப் பெண்ணோ விடவில்லை. காங்கிரஸ் உறுப்பினர் பங்குபற்றும் பொதுக்கூட்டம் வருகிறது, அனிற்றா வந்து பேசினால் நல்லது என்று நேரே அனிற்றாவிடமே கேட்டுவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஃபலோவுக்குக் காரை எடுத்தேன். அனிற்றா ஜன்னலருகே நாற்காலியில் இருந்தாள். வயது பத்தொன்பது. பேச்சை அவளே தொடங்கினாள்.

"மாமா, அம்மா said yes to the people who want to take my nurse away. Who does that?"

"வாசலுக்கு வந்து கேக்கிற ஆளிட்ட என்னெண்டு பிள்ளை மாட்டன் எண்டுறது?" என்றாள் ஜெசிந்தா.

"You just say it. மாட்டன். அவ்வளவுதான்."

"உனக்கு விளங்காது."

"எனக்கு விளங்கும் அம்மா. You're scared of them. எனக்கு ராத்திரியை நினைச்சுப் பயம். மாமா, ப்ளீஸ், அந்த போர்ட்டைப் புடுங்குங்கோ. என்னாலே ஏலாது, இல்லாட்டி நானே புடுங்கியிருப்பன்."

வெளியே போனேன். பனி உருகி நிலம் சொதசொதவென்று இருந்தது. பக்கத்து வீட்டுத் திரைச்சீலை அசைந்தது. ஐம்பத்தெட்டு வயதில், இரண்டு நாடுகளில் வாழ்ந்த பிறகு, ஒரு கட்சிக்காரனுடைய பலகையில் நான் கை வைத்தது அன்றைக்குத்தான். குத்தியிருந்த கம்பி மண்ணிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, அவ்வளவு இலகுவாக. அதைக் கிழவரிடம் திருப்பிக் கொடுக்கவும் துணிவில்லை, குப்பைத்தொட்டியில் போடவும் துணிவில்லை. எழுத்து தெரியாதபடி கவிழ்த்துக் காரின் பின்பெட்டியில் வைத்தேன்.

திரும்பி வரும்போது எல்லைப் பாலத்தில் கனடிய அதிகாரி பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார். பலகையைப் புரட்டி ஜனாதிபதியின் பெயரைப் பார்த்தார். "நீங்கள் இவருடைய ஆளா?" என்று சிரித்தபடி கேட்டார். "யேஸ் சேர்" என்றேன். வாய் தானாகவே சொல்லிவிட்டது. இந்த நாட்டின் குடிமகன் நான், கேட்டவர் ஒரு பெடியன், கேட்டது பகிடிக்கு.

பலகை இப்போது எங்கள் கராஜில், சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. ஏன் எறியாமல் வைத்திருக்கிறீர்கள் என்று றீற்றா கேட்டாள். அவர்கள் வந்து கேட்டால் கொடுக்க வேண்டாமா என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. பஃபலோவில் இருந்து மில்லிக்கனுக்கு யார் வரப்போகிறார்கள்?

காங்கிரசில் இன்னும் முடிவில்லை. நேர்ஸ் இன்றிரவு வருவாள், நாளைக்கும் வருவாள். அதற்கப்பால் ஜெசிந்தாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன கிழமை மாலைச் செய்தியில் அந்தப் பொதுக்கூட்டத்தைக் காட்டினார்கள். ஒருவரை ஒருவர் கூச்சலிட்டு மறித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவில் ஒரு சக்கர நாற்காலி நகர்ந்து மைக்குக்கு முன்னால் வந்தது. அனிற்றா. தன் முழுப்பெயரைச் சொன்னாள். இருக்கிற தெருவையும் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் யாரும் எந்த மைக்கிலும் தன் பெயரைச் சொன்னதில்லை. "எங்கள் புல்தரையில் இரண்டு பலகைகள் இருந்தன. அம்மாவுக்கு உங்களைப் பார்க்கப் பயம். எனக்கு நேர்ஸ் இல்லாத இரவை நினைக்கப் பயம்" என்று இங்கிலிசில் சொன்னாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னாள். கூச்சல் நின்றுவிட்டது.

நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்திருந்தேன். எப்போது குறைத்தேன் என்று எனக்கே தெரியாது.

"இஞ்சாருங்கோ, ஏன் குறைக்கிறியள்? எங்கட பிள்ளையெல்லே கதைக்குது! கூட்டுங்கோ" என்றாள் றீற்றா.

எழுந்து போய், தெருப்பக்கத்து ஜன்னலின் திரையை இழுத்து மூடினேன். பிறகு சத்தத்தைக் கூட்டினேன்.